பையில் ஒரு கணக்கு நோட்டு

கேள்வி: நானும் கணவரும் நாலு வருடத்துக்கு முன் பௌத்தம் தழுவினோம். சேலம் அம்மாபேட்டையில் வீடு. ஞாயிறு காலை புத்த விகாரில் பிள்ளைகளுக்குத் தம்ம வகுப்பு. பத்து வயது மகன் இரண்டு மாதமாக வர அழிச்சாட்டியம் செய்கிறான். வந்தாலும் பஞ்சசீலம் என்ற ஐந்து உறுதிமொழிகளைச் சொல்லும்போது வாயைத் திறப்பதில்லை. விகார் மகளிர் குழுவில் எனக்குத் தலைகுனிவாக இருக்கிறது. (மாமியார் பெரியேரி முனியப்பனுக்குப் பொங்கல் வைப்பவர். வீட்டில் சண்டை வேண்டாமென்று கணக்கு டியூஷன் என்று சொல்லி, நோட்டைப் பையில் வைத்து அனுப்புகிறேன்.) கட்டாயப்படுத்தலாமா?

பதில்: அடைப்புக்குறிக்குள் போட்டீர்களே, அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். எட்டரை மணிக்கு அப்பாயி, "டியூஷனுக்கா கண்ணு?" என்று கேட்கிறார். பையன் "ஆமா" என்கிறான். ஒன்பது மணிக்கு அவனை உட்கார வைத்து, "முஸாவாதா வேரமணீ" சொல்லச் சொல்கிறீர்கள். பொய் பேசமாட்டேன் என்ற நாலாவது சீலம். அவன் வாயைத் திறக்கவில்லையாம். உங்கள் வீட்டில் அந்தச் சீலத்தை மதிப்பவன் அவன் ஒருவன்தான் போலிருக்கிறது.

புத்தர் தன் மகன் ராகுலனுக்குப் பாடம் எடுத்தது நினைவிருக்கிறதா? கால் கழுவிய பாத்திரத்தில் துளித் தண்ணீரை மிச்சம் வைத்துக் காட்டினார். தெரிந்தே பொய் சொல்லக் கூசாதவனின் துறவும் இவ்வளவுதான் என்றார். அதையும் கொட்டினார், பாத்திரத்தைக் கவிழ்த்தார். விளையாட்டுக்குக்கூடப் பொய் வேண்டாம் என்றார். நீங்களோ மகனுக்குப் பொய்யையும் சொல்லிக்கொடுத்து, சாட்சிக்கு நோட்டும் கொடுத்தனுப்புகிறீர்கள். சிகாலன் என்ற இளைஞனுக்குப் புத்தர் சொன்ன உபதேசத்தில் பெற்றோர் கடமை ஐந்து. முதலாவதே பிள்ளையைத் தீயதிலிருந்து விலக்குவது. குழுவில் இதைப் படித்திருப்பீர்கள்.

குழுவில் தலைகுனிவு என்பதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. நாலு பேர் பார்வைக்காகப் பிள்ளை வளர்ப்பது எந்த மதத்திலும் வியாதிதான்.

உங்கள் கணவர் எங்கே போனார்? கடிதம் முழுக்கத் தேடினேன், முதல் வரியோடு ஆள் மறைந்துவிட்டார். பெற்ற தாயிடம் "அம்மா, நாங்க இப்படி மாறிட்டோம்" என்று சொல்ல நாலு வருடம் போதவில்லையா? அது மருமகள் சொல்ல வேண்டிய செய்தி இல்லை. சொன்னால் நாலு நாள் அந்த அம்மா முகம் கொடுக்க மாட்டார். பேரன் வாயில் பொய்யைத் திணித்ததற்கு அந்த நாலு நாளைத் தாங்கித்தான் ஆக வேண்டும்.

ஒன்று சொல்லி வைக்கிறேன். தொல்லியல் துறை அறிக்கையை வைத்து, பெரியேரி தலைவெட்டி முனியப்பன் சிலை புத்தருடையது என்று 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது உங்களுக்கு நன்றாகவே தெரியும். "இத்தனை நாள் நீங்க கும்பிட்டது எங்க புத்தரைத்தான்" என்று அந்த அம்மாவின் மூக்கை உடைக்கக் கிளம்பிவிடாதீர்கள். தீர்ப்பு சிலைக்கு, அவர் வைத்த பொங்கலுக்கு இல்லை. வேண்டுமானால் ஒரு நாள் எல்லோருமாக ஆத்தூர் தாண்டித் தியாகனூர் போய், அங்கே தியானத்தில் அமர்ந்திருக்கும் பெரிய புத்தரைப் பாருங்கள். விளக்கம் எதுவும் கொடுக்காதீர்கள், சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள்.

இந்த வாரமே கணவர் பேசட்டும், பையன் கூடவே இருக்கட்டும். அவனைப் பொய் சொல்ல வைத்தது தப்பு என்று நீங்களும் அவன் காது கேட்கச் சொல்லுங்கள். அந்த நோட்டு அலமாரிக்குப் போகட்டும். அதற்கப்புறமும் வகுப்புக்கு வரமாட்டேன் என்றால் எழுதுங்கள், கட்டாயப்படுத்தலாமா என்பதை அப்போது பேசுவோம்.