கேள்வி பதில்: செயலி மாறும்போது குறிப்புகளைச் சிதையாமல் கொண்டுபோவது

கேள்வி: எவர்நோட் செயலியில் பல ஆண்டுகளாகக் கார், பிசானம் இரண்டு பருவங்களின் கணக்கையும் எழுதி வருகிறேன். நாற்றுப் பாவிய நாள், நதியுண்ணிக் கால்வாயில் தண்ணீர் வந்த நாள், அம்பை 16 நெல்லுக்கு இட்ட உரம், பூச்சி விழுந்த இலைகளின் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. இப்போது இலவசக் கணக்கில் புதுக் குறிப்பு சேர்க்க முடியவில்லை. பழையவை கெடாமல் வேறு செயலிக்கு மாற வழி உண்டா?
- அம்பாசமுத்திரம் வாசகர்

பதில்: வழி உண்டு. 2023 டிசம்பரில் எவர்நோட் தன் இலவசக் கணக்குகளுக்கு 50 குறிப்புகள், ஒரே ஒரு நோட்புக் (குறிப்புகளைத் தொகுத்து வைக்கும் அடுக்கு) என்று வரம்பு வைத்தது. அதற்கு மேல் ஏற்கெனவே சேர்ந்திருந்தவற்றைப் படிக்கவும் வெளியே எடுக்கவும் தடையில்லை என்று அப்போதே அறிவித்திருந்ததால், நீங்கள் அவசரப்பட்டு எதையும் அழித்துவிட வேண்டாம்.

இந்த வேலையைக் கைபேசியில் செய்ய இயலாது. கணினியில் எவர்நோட்டை நிறுவி, எல்லாக் குறிப்புகளும் இறங்கி முடியும்வரை காத்திருந்து, அதன் பிறகே எக்ஸ்போர்ட் செய்ய, அதாவது கோப்பாக வெளியே எடுக்க வேண்டும். கிடைக்கும் கோப்பு ‘எனெக்ஸ்’ வகையைச் சேர்ந்தது. அதில் குறிப்பின் எழுத்து, அதற்கு நீங்கள் இட்ட டேக் (அடையாளச் சொல்), எழுதிய தேதி, படங்கள் ஆகிய அனைத்தும் அடங்கும். படங்களும் எழுத்து வடிவாக மாற்றப்பட்டு அதற்குள்ளேயே வைக்கப்படுவதால், அவை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக இடம் பிடிக்கும். ஆனால் குறிப்பு எந்த நோட்புக்கில் இருந்தது என்ற விவரம் அந்தக் கோப்புக்குள் இருக்காது. ஆகவே எல்லாவற்றையும் ஒன்றாகத் திரட்டி எடுக்காமல், ஒவ்வொரு நோட்புக்கையும் தனித்தனியே எடுத்து, ‘கார்’, ‘பிசானம்’ என்று கோப்புக்கே அதன் பெயரை வைத்துவிடுங்கள். ஒரு குறிப்பிலிருந்து இன்னொரு குறிப்புக்கு நீங்கள் கொடுத்திருந்த இணைப்புகள் எவர்நோட்டின் முகவரியையே சுட்டிக்கொண்டிருக்கும் என்பதால், புதிய இடத்தில் அவை பெரும்பாலும் வேலை செய்யாது. முக்கியமானவற்றை நீங்களேதான் மறுபடி இணைக்க வேண்டியிருக்கும்.

உங்களைப் போன்றவருக்கு நான் முதலில் சொல்லும் பெயர் ஜாப்லின். இலவசமானது, திறந்த மூலச் செயலி (நிரல் யாரும் பார்க்கும்படி வெளியிடப்பட்டது), எனெக்ஸ் கோப்பை நேரடியாக ஏற்கும். இம்போர்ட் செய்யும்போது, அதாவது கோப்பை உள்ளே கொண்டுவரும்போது, மார்க்டவுனா, எச்டிஎம்எல்லா (இணையப் பக்கங்களின் வடிவம்) என்று இரண்டு வாய்ப்புகளைக் காட்டும். மார்க்டவுன் என்பது 2004-இல் ஜான் குரூபர் வெளியிட்ட எளிய எழுத்துமுறை. அதில் உள்ள குறிப்பை எந்தச் செயலியும் இல்லாமல் சாதாரண எடிட்டரில்கூடப் படித்துவிடலாம். எனினும் கட்டங்களை ஒன்றாக இணைத்துப் போட்ட அட்டவணைகளை அது தாங்காது. எனவே உரக் கணக்கு, கூலிக் கணக்கு போன்ற அட்டவணைக் குறிப்புகளை எச்டிஎம்எல்லாகவும், மற்றவற்றை மார்க்டவுனாகவும் கொண்டுவாருங்கள்.

விவசாயக் குறிப்புக்குத் தேதிதான் உயிர். எழுதிய தேதியைச் செயலிகள் தமக்குள் மறைவாக வைத்திருக்கின்றன. அடுத்தடுத்து இடம் மாறும்போது என்றாவது ஒரு நாள், எல்லாக் குறிப்புகளுக்கும் இம்போர்ட் செய்த நாளே எழுதிய நாளாக மாறிவிடலாம். ஆதலால் வெளியே எடுப்பதற்கு முன்பே, குறைந்தது தண்ணீர் வரத்து, நடவு, அறுவடை பற்றிய குறிப்புகளின் தலைப்பிலாவது ஆண்டு, மாதம், நாளை அந்த வரிசையிலேயே எழுதிவிடுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் எந்தச் செயலிக்குப் போனாலும் அவை தாமாகவே கால வரிசையில் நிற்கும். மாற்றி முடித்ததும் மொத்த எண்ணிக்கை சரியாக உள்ளதா என்று பாருங்கள். மிகப் பழைய குறிப்பு, படம் அதிகமுள்ள குறிப்பு, அட்டவணை உள்ள குறிப்பு ஆகியவற்றைத் திறந்து படித்துப் பார்த்த பிறகும், எனெக்ஸ் கோப்புகளைத் தனியாக ஒரு பென்டிரைவில் வைத்திருங்கள்.

கேள்வி: கோயில் கொடை விழாக்களில் கேட்ட வில்லுப்பாட்டுகளைப் பாடலின் முதல் அடியையே தலைப்பாக வைத்துக் குறித்து வருகிறேன். ஆப்சிடியன் என்ற குறிப்புச் செயலிக்கு மாற்றியபோது கணினியில் எல்லாம் வந்தன. கைபேசிக்கு நகலெடுக்கையில் சில கோப்புகள் வரவில்லை. பழைய குறிப்புகள் சில வெறும் ஆங்கில எழுத்துகளாகத் தெரிகின்றன. ‘கொடை’ என்று தேடினால் இருக்கும் குறிப்பும் சிக்கவில்லை.
- பாளையங்கோட்டை வாசகர்

பதில்: மூன்றுமே தமிழில் எழுதுபவர்களுக்கு நேரும் சிக்கல்கள். செயலிகளின் உதவிப் பக்கங்களில் இவற்றுக்கு விடை எளிதில் கிடைப்பதில்லை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஆப்சிடியன் ஒவ்வொரு குறிப்பையும் தனிக் கோப்பாக வைக்கிறது. தலைப்பே கோப்பின் பெயர். ஆண்ட்ராய்டு கைபேசியில் கோப்பின் பெயர் 255 பைட்டுக்குள் (பைட் என்பது கணினிச் சேமிப்பின் சிறு அளவு) அடங்க வேண்டும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழிலோ உயிர்மெய்யின் குறியும் மெய்யின் புள்ளியும் தனித்தனியே எண்ணப்பட்டு, ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுக்கும். ‘சுடலைமாடன்’ என்பது கண்ணுக்கு ஆறு எழுத்து. கைபேசிக்கு அது 30 பைட். விண்டோஸ் பைட்டை எண்ணாமல் குறியீடுகளை எண்ணுவதால் அங்கே நீளமான பெயரும் நின்றுவிடுகிறது. ஆகவே பாடலின் முதல் அடியைக் குறிப்பின் முதல் வரியாக வைத்துவிட்டு, தலைப்பில் கதையின் பெயர், ஊர், ஆண்டு மட்டும் இருக்கட்டும். தலைப்பில் கேள்விக்குறி, முக்காற்புள்ளி, சாய்கோடு ஆகியவற்றையும் தவிருங்கள். விண்டோஸ் அவற்றை ஏற்காது.

ஆங்கில எழுத்தாகத் தெரிபவை பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியவையாக இருக்கும். அவை அடிப்படையில் ஆங்கில எழுத்துகளே. எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டியது. மார்க்டவுன் எழுத்துரு விவரத்தைச் சுமப்பதில்லை. பாடல் எதுவும் அழிந்துவிடவில்லை. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவியில் இட்டால் யூனிகோடாக (எல்லாச் செயலிகளும் ஏற்கும் பொதுக் குறியீட்டு முறையாக) மீண்டுவிடும். உண்மையாகவே ஆங்கிலத்தில் எழுதிய சொற்கள் இடையிடையே இருந்தால் அவையும் சேர்ந்து குழம்பிவிடும் என்பதால், பத்தி பத்தியாக மாற்றுவதே நல்லது.

‘கொடை’ சிக்காததற்குக் காரணம், ‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்க முடியும் என்பதுதான். ககரத்தோடு ‘ொ’ என்ற ஒற்றைக் குறி சேரலாம். ஒற்றைக் கொம்பும் துணைக்காலும் இரண்டு குறிகளாகவும் சேரலாம். பார்வைக்கு வேறுபாடே தெரியாது. ஆனால் இரண்டையும் ஒன்றாகக் கருதாத தேடுகருவி பாதியை விட்டுவிடும். மொத்தக் கோப்புறைக்கும் நகல் எடுத்துக்கொண்டு, அந்த நகலில், பல கோப்புகளில் ஒருசேரத் தேடி மாற்றக்கூடிய ஓர் எடிட்டரால் இரட்டைக் குறிகளை ஒற்றைக் குறியாக மாற்றுங்கள். ‘கோ’, ‘கௌ’ வரிசைகளையும் இப்படியே சரிசெய்ய வேண்டும். கொடை, கோயில், கோமரத்தாடி என்று உங்கள் துறையின் முதன்மைச் சொற்களே இந்த வரிசைகளில் வருவதால், இதை ஒத்திப்போடாதீர்கள்.

கேள்வி: கல்யாணப் பாய்க்கு ஆர்டர் தந்தவர்களின் பெயர், நெய்ய வேண்டிய மணமக்கள் பெயர், தொலைபேசி எண் எல்லாம் கூகுள் கீப்பில் உள்ளன. வேறு செயலிக்கு மாற்றித் தருவதாக ஒரு கணினிக் கடையில் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?
- பத்தமடை வாசகி

பதில்: கொடுக்க வேண்டாம் அம்மா. கூகுளில் உள்ள நம் தரவுகளை நாமே இறக்கிக்கொள்ள உதவும் கூகுள் டேக்அவுட் பக்கத்தில் எல்லாத் தேர்வுகளையும் நீக்கிவிட்டு, கீப் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்தால் போதும்; ஒரு ஜிப் கோப்பு வரும். அதில் ஒவ்வொரு குறிப்பும் எச்டிஎம்எல்லாகவும் இருப்பதால், எந்தச் செயலியும் இல்லாமல் பிரவுசரிலேயே திறந்து படிக்கலாம். அந்த ஜிப்புக்குக் கடவுச்சொல் பாதுகாப்பு கிடையாது; வாடிக்கையாளர்களின் எண்கள் யார் கையிலும் அப்படியே விரியும். ஆகையால் இதை வீட்டுக் கணினியில் மட்டும் செய்யுங்கள், வாட்ஸ்ஆப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள். பாய் கொடுத்து முடிந்த பழைய ஆர்டர்களை இப்படி எடுத்து வைத்தால் போதும். நெய்துகொண்டிருக்கும் பாய்களின் குறிப்புகள், அவற்றை ஒப்படைக்கும்வரை கீப்பிலேயே இருக்கட்டும்.