எம்3-ஐ ஜிடிபியால் வகுக்கும்போது: கேள்வி பதில்

கே: இந்தியாவின் பண அளிப்பு ஜிடிபியில் எத்தனை சதவீதம் என்று நாமே கணக்கிட முடியுமா?

ப: முடியும். ரிசர்வ் வங்கி பதினைந்து நாளுக்கு ஒருமுறை வெளியிடும் அட்டவணையில், பண அளிப்பின் விரிந்த அளவான எம்3 இருக்கும். மக்கள் கையிலுள்ள ரொக்கம், வங்கிகளிலுள்ள கேட்பு வைப்பு (கேட்டவுடன் எடுக்கக்கூடியது), கால வைப்பு, ரிசர்வ் வங்கியிடமுள்ள பிற வைப்பு ஆகியவற்றின் கூட்டுத்தொகை அது. அதை நடப்பு விலை ஜிடிபியால் (அந்தந்த ஆண்டின் விலையில் கணக்கிட்டது) வகுங்கள். 2021 மார்ச் கடைசியில் எம்3 சுமார் 188 லட்சம் கோடி ரூபாய், 2020-21 ஜிடிபி சுமார் 198 லட்சம் கோடி. விகிதம் 95%. எம்3 12% வளர்ந்த அதே ஆண்டில் பொதுமுடக்கத்தால் ஜிடிபி சுருங்கியது. அதனால்தான் இந்த உயரம்.

மாறா விலை ஜிடிபியை (ஒரு அடிப்படை ஆண்டின் விலையில் கணக்கிட்டது) தொடவே தொடாதீர்கள். மேலே இன்றைய ரூபாய், கீழே அடிப்படை ஆண்டின் ரூபாய் என்றால் விகிதம் ஆண்டுதோறும் பொய்யாக ஏறும்.

கே: எனக்கு 300%-க்கு மேல் வருகிறதே?

ப: ஒரே காலாண்டின் ஜிடிபியால் வகுத்திருப்பீர்கள். கடைசி நான்கு காலாண்டுகளைக் கூட்டுங்கள். அமெரிக்காவுக்குக் கூட்ட வேண்டாம். அங்கே காலாண்டு எண்ணையே ஆண்டு வீதமாக மாற்றித்தான் வெளியிடுகிறார்கள்.

கே: சீனாவில் 230%. விலைவாசி எகிற வேண்டாமா?

ப: 2024 கடைசியில் அங்கே எம்2 (நம் எம்3 போல ரொக்கத்தையும் வைப்பையும் கூட்டும் அளவு) சுமார் 313 லட்சம் கோடி யுவான், ஜிடிபி சுமார் 135 லட்சம் கோடி யுவான். நுகர்வோர் விலை அந்த ஆண்டில் ஏறியது 0.2% மட்டுமே. குடும்பச் சேமிப்பின் பெரும்பகுதி வங்கி வைப்பாகவே கிடக்கிறது. கடனும் பெரும்பாலும் வங்கி வழியாகவே போகிறது. அமெரிக்காவில் பத்திரச் சந்தை பெரிது, அந்தப் பணம் எம்2-வில் வராது. இந்த விகிதம் சேமிப்பு எங்கே தங்குகிறது என்பதைத்தான் முதலில் காட்டுகிறது. மிகைப் பணவீக்கத்தில் இது சரியவும் செய்யும்: பணத்தைக் கையில் வைத்திருக்க யாரும் விரும்பாததால், அச்சடிக்கும் வேகத்தையும் விலை முந்திவிடும்.

கே: 2016 பணமதிப்பிழப்பில் பண அளிப்பு பாதியானதே?

ப: பாதிக்கும் கீழே போனது மக்கள் கையிலிருந்த ரொக்கம். அது வைப்பாக மாறி வங்கிக்குள் போனது. ரொக்கமும் எம்3, வைப்பும் எம்3. 2017 மார்ச்சில் எம்3 முந்தைய மார்ச்சைவிட அதிகம்.

கே: ஏட்டுக்கணக்கு! கடைத்தெருவில் வியாபாரமே நின்றதே?

ப: நின்றது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. கூலியை ரொக்கமாக வாங்குபவருக்கு, எடுக்க முடியாத வைப்பு பணமாகாது. அதற்காகத்தான் மக்கள் கையிலுள்ள ரொக்கத்தைத் தனியாக ஜிடிபியால் வகுத்துப் பார்க்கச் சொல்கிறேன்: முன்பு 12% அளவில் இருந்தது, 2017 மார்ச்சில் 9%-க்கும் கீழே. அந்த வலி இந்த எண்ணில் தெரியும், எம்3-இல் தெரியாது. எம்3 விழுந்தது என்று சொன்னால் மட்டும் கணக்கு தவறு.

கே: விகிதம் ஏறினால் விலை ஏறும்தானே?

ப: சீனா பதிலைப் படியுங்கள்.

கே: மாறா விலை ஜிடிபியால் வகுத்தால் இன்னும் துல்லியமாக வருமா?

ப: வராது. முதல் பதிலிலேயே இருக்கிறது.

கே: அமெரிக்க எம்1 (ரொக்கமும் உடனே எடுக்கக்கூடிய வைப்பும் மட்டும் சேர்ந்த குறுகிய அளவு) 2020 மே மாதத்தில் மூன்று மடங்கானது ஏன்?

ப: சேமிப்பு வைப்பையும் எம்1-இல் சேர்த்து வரையறையை மாற்றினார்கள். எம்2-வில் அவை முன்பே இருந்தன. நீண்ட கால ஒப்பீட்டுக்கு எம்2-வையே எடுங்கள்.