புரத மா டின் வாங்குவதா, முட்டை வாங்குவதா?

கேள்வி: மனைவிக்கு 24 வாரம். கர்ப்பத்துக்கு முன் 42 கிலோ, இப்போது 45. இன்னும் கொழுந்து எடுக்க மலைக்குப் போகிறார். காலையும் இரவும் ரொட்டி, சம்பல். மத்தியானம் சோறு, கொஞ்சம் பருப்பு. புரதம் போதாது என்கிறார் மிட்வைஃப். கிளினிக் அட்டையிலும் சிறுநீரில் அல்புமின் ‘இல்லை’ என்றே எழுதியிருக்கிறது. டவுன் பார்மசியில் கர்ப்பிணிகளுக்கான புரத மா டின் விற்கிறார்கள். கடன்பட்டாவது வாங்கட்டுமா? (ஹட்டன் பகுதி வாசகர்)

பதில்: கடன்பட வேண்டாம். டின்னைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்த அட்டையைப் பார்த்துவிடுவோம், பலரும் குழம்பும் இடம் அதுதான்.

அல்புமின் என்பது இரத்தத்தில் இருக்க வேண்டிய புரதம். நல்ல சிறுநீரகம் அதைச் சிறுநீரில் கசியவிடாது. ஆகவே ‘இல்லை’ என்பது நல்ல செய்தி. சாப்பாட்டில் புரதம் எவ்வளவு என்பதை அந்தச் சோதனை காட்டாது. 20 வாரத்துக்குப் பிறகு சிறுநீரில் அல்புமின் தெரிந்து, பிரஷரும் 140/90 அல்லது அதற்கு மேல் போனால் அது கர்ப்பகால இரத்த அழுத்த நோயாக இருக்கலாம். அப்போதும் முட்டை, பருப்பை நிறுத்துவது வைத்தியம் ஆகாது. விடாத தலையிடி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகமும் கையும் திடீரென வீங்குதல், இவற்றில் எது வந்தாலும் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இனிக் கணக்கு. உலக சுகாதார அமைப்பின் அளவுப்படி வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம் தேவை. 42 கிலோவுக்கு 35 கிராம். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்துக்கு அதற்கு மேல் 1 கிராம் போதும், நடு மூன்று மாதத்துக்கு 9, கடைசி மூன்று மாதத்துக்கு 31. கடைசியில் இவ்வளவு ஏறக் காரணம் உண்டு. முழுக் கர்ப்பத்திலும் உடலில் புதிதாகச் சேரும் புரதம் ஏறக்குறைய 925 கிராம். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவே பிள்ளையுடையது. மற்றது நச்சுக்கொடி, கர்ப்பப்பை, மார்பு, தாயின் கூடுதல் இரத்தம் ஆகியவற்றுக்குப் போகிறது. இதில் பெரும்பங்கு சேர்வது பின்பாதியில்தான். உங்கள் மனைவிக்கு இப்போது 44 கிராம் போதும். இன்னும் சில வாரத்தில் 66 தேவைப்படும்.

இப்போது கிடைப்பது எவ்வளவு? கோதுமை மா 200 கிராமில் 20, அரிசி 150 கிராமில் 10, ஒரு பிடி பருப்பில் 6. மொத்தம் 36. அதிலும் பாதிக்கு மேல் கோதுமையிலிருந்து வருகிறது. புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்ற சிறு கூறுகளால் ஆனது. கோதுமைப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பிள்ளையின் தசையும் மூளையும் வளர, நச்சுக்கொடி தாயின் இரத்தத்திலிருந்து அமினோ அமிலங்களைத் தேர்ந்தெடுத்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஒன்று குறைந்தாலும் மற்றவற்றை முழுதாகப் பயன்படுத்த முடியாது. பருப்பு, பயறு, முட்டை, மீன் எல்லாவற்றிலும் லைசின் தாராளம். ரொட்டியோடு பருப்பு சேர வேண்டும் என்பது இதற்காகத்தான்.

புரத மாவை ஏன் வேண்டாம் என்கிறோம்? கூடையைச் சுமந்து மலை ஏறி இறங்குபவருக்கு முதலில் தேவை சக்தி. சோறும் தேங்காயும் போதாதபோது, உடல் புரதத்தையே எரித்துவிடும். விறகு இல்லையென்று கூரைமரத்தை வெட்டி அடுப்பில் வைப்பது போன்றது அது. உணவு போதாத கர்ப்பிணிகளுக்குச் சக்தியும் புரதமும் அளவாகக் கலந்த சமநிலையான உணவே பிள்ளையின் எடையைக் கூட்டுகிறது. புரதம் மட்டும் மிகுந்த மாவைக் கர்ப்பிணிகளுக்கு உலக சுகாதார அமைப்பு பரிந்துரைப்பதில்லை.

அந்தச் சமநிலையான உணவு உங்கள் வீட்டிலேயே இருக்கும்: கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் சத்துமா, திரிபோஷா. 50 கிராமில் சுமார் 10 கிராம் புரதம், கூடவே சக்தியும் விற்றமின்களும். ஒரு 750 கிராம் பக்கெட் ஒரு தாய்க்கு 15 நாளுக்கு. லயத்து வீடுகளில் அது பிள்ளைகள் கைக்குப் போய் மூன்று நாளில் தீர்ந்துவிடுகிறது. மனம் கேட்காதுதான், ஆனாலும் அது தாய்க்கான பங்கு. பக்கெட் வந்ததும் 15 பங்காகப் பிரித்து வையுங்கள். தேங்காய்ப்பூவும் கொஞ்சம் சீனியும் சேர்த்துப் பிசைந்து உருண்டை பிடித்தால் மலைக்குக் கொண்டுபோகலாம். மலைநாட்டுப் பனி ஈரத்தில் இந்த மா சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும். இறுக்கமான மூடியுள்ள டின்னில் வையுங்கள். கட்டி பிடித்தோ கசந்தோ இருந்தால் வறுத்துப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள். பூஞ்சண நஞ்சு சூட்டில் போகாது.

மிச்சத்துக்கு நாளொன்றுக்கு ஒரு முட்டை (6 கிராம்), உலர்ந்த கடலை அல்லது பயறு 50 கிராம் (10 முதல் 12), நெத்தலிக் கருவாடு 15 கிராம் (8 அல்லது 9). எல்லாம் சேர்த்தால் 70 வரும். முட்டை இல்லாத நாளில் சோயா மீட் 30 கிராம் உலர்ந்த எடை போதும், அதில் 15 கிராம் புரதம். அதன் மசாலாப் பொட்டலத்தில் உப்பு அதிகம், பாதியைப் போடுங்கள். கருவாட்டை அரைமணி நேரம் ஊறவைத்துக் கழுவுங்கள். முட்டை முழுதாக வேக வேண்டும்.

கடலைதான் தொல்லை. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். ஹட்டனிலும் 100ஐ எட்டாது. அரைவேக்காட்டுக் கடலை வயிற்றை உப்பவைக்கும், பிறகு அவர் தொடமாட்டார். இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, பிரஷர் குக்கரில் நசுங்கும்வரை வேகவையுங்கள். குக்கர் இல்லையென்றால் பயறுக்கு மாறுங்கள். இரவில் வெந்த பருப்பை மசித்து ரொட்டி மாவிலேயே பிசைந்துவிடலாம்.

சாயத்தண்ணியைச் சாப்பாட்டோடு குடிக்க வேண்டாம். உணவிலுள்ள இரும்பு உடலில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். இரும்பு மாத்திரைக்கும் இதே விதி. கல்சிய மாத்திரையை வேறு நேரத்துக்கு மாற்றுங்கள்.

‘அதிகம் தின்றால் பிள்ளை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும்’ என்று பெரியவர்கள் சாப்பாட்டைக் குறைக்கச் சொல்வார்கள். 45 கிலோ தாய்க்கு ஆபத்து எதிர்ப்பக்கம்: எடை குறைந்த பிள்ளை. மெலிந்த தாய்க்கு இனி வாரம் அரைக் கிலோ ஏற வேண்டும். இரண்டு வாரத்தில் ஒன்றும் ஏறாவிட்டால் மிட்வைஃபிடம் சொல்லி எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்கில் காட்டுங்கள், இலகு வேலை கேட்பதற்கும் அங்கே துண்டு வாங்கலாம்.

பிரசவத்தோடு இந்தக் கணக்கு முடிவதில்லை. பால் கொடுக்கும் முதல் 6 மாதமும் நாளுக்கு 19 கிராம் கூடுதலாக வேண்டும், திரிபோஷாவும் அதுவரை தாய்க்குத்தான்.