மலாவி ஏரிக்கரையில் பேரனுக்குக் காய்ச்சல் வந்தால்?

கேள்வி: என் மகளும் மருமகனும் மூன்று வயது பேரனோடு வடக்கு மலாவியில் ஓர் ஏரிக்கரைக் கிராமத்துக்கு இரண்டு வருட சீஷத்துவ ஊழியத்துக்கு (விசுவாசிகளுக்கு வேதம் கற்றுக்கொடுத்து வளர்க்கும் பணி) போகிறார்கள். எனக்கு மலேரியா பயம். சபையில் ஒரு அண்ணன் குளோரோகுயின் மாத்திரை வாங்கித் தந்து, இது போதும் என்கிறார். இன்னொருவர், விசுவாசிக்கு மாத்திரை எதற்கு என்கிறார். பயண ஏஜென்ட் மஞ்சள் காய்ச்சல் ஊசி போடாமலே அட்டை வாங்கித் தருவதாகச் சொல்கிறார். நான் எதைக் கேட்பது?
— ஒரு தாய், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: அம்மா, மூன்று பேர் சொன்னதுமே தவறு.

நான் அந்தப் பகுதியில் ஒரு மிஷன் மருத்துவமனையில் சில வருடங்கள் வேலை பார்த்தவன். நம் ஊரில் பார்த்த மலேரியாவை மனதில் வைத்துக்கொண்டுதான் எல்லாரும் அங்கே வருகிறார்கள். இங்கே பெரும்பாலும் குளிர் நடுக்கி, காய்ச்சல் விட்டு விட்டு வந்து, ஆளை முறித்துப் போடும் வகை. அங்கே இருப்பது ஃபால்சிபாரம் என்ற வகை. சின்னக் குழந்தைக்கு வந்தால் ஒன்றிரண்டு நாளிலேயே மூளையைத் தாக்கிவிடும். நம் உடம்பில் அதற்கு எதிர்ப்பு எதுவும் கிடையாது. தென்தமிழ்நாட்டு வெயிலில் வளர்ந்த பிள்ளை தாங்கும் என்று நினைக்காதீர்கள்.

குளோரோகுயின் பெட்டியை அந்த அண்ணனிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது பலன் தரவில்லை என்று மலாவி அரசே 1993-இல் அதைக் கைவிட்டது. ஆப்பிரிக்க நாடுகளில் முதலில் கைவிட்டதே அவர்கள்தான். முப்பது வருடம் கழித்தும் நம் சபைகளில் அதை அன்பளிப்பாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மலேரியா வராமல் தடுக்க, பெரியவர்கள் இருவருக்கும் தினமும் ஒரு டாக்சிசைக்ளின் மாத்திரை போதும். புறப்படுவதற்கு ஓரிரு நாள் முன்பே ஆரம்பித்து, திரும்பி வந்த பிறகும் நாலு வாரம் சாப்பிட வேண்டும். மகள் கர்ப்பமாக இருந்தாலோ அடுத்த பிள்ளைக்கு எண்ணம் இருந்தாலோ அது ஆகாது. எட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் ஆகாது, அதனால் பேரனுக்கு வேறு மருந்து. வாரம் ஒரு முறை கொடுக்கும் மெஃப்ளோகுயின் இருக்கிறது. அதைப் புறப்பட இரண்டு மூன்று வாரம் முன்பே தொடங்க வேண்டும். வீட்டில் யாருக்காவது வலிப்போ மனநலச் சிக்கலோ இருந்திருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். இன்னொன்று அட்டோவாகுவோன்-புரோகுவனில், அதை மருந்துக் கடையில் முன்கூட்டியே சொல்லி வரவழைக்க வேண்டியிருக்கும். எது, எவ்வளவு என்பதைக் குழந்தையின் எடையைப் பார்த்து டாக்டர் எழுதித் தரட்டும். மாத்திரையை நீங்களே உடைத்துக் கணக்குப் போட வேண்டாம்.

மாத்திரை இருந்தாலும் கொசுவலை வேண்டும். மலேரியாக் கொசு பொழுது சாய்ந்த பிறகு கடிக்கத் தொடங்கி விடியும்வரை கடிக்கும். சீஷத்துவ ஊழியம் நடப்பதும் அதே நேரத்தில்தான். வயலிலிருந்தும் ஏரியிலிருந்தும் ஆட்கள் வந்து, ந்சிமா என்ற மக்காச்சோளக் களியைக் கிண்டிச் சாப்பிட்டு, மாமரத்தடியில் வேதபாடத்துக்கு உட்காரும்போது இருட்டியிருக்கும். பேரனை மடியில் தூங்கவைத்துக்கொண்டு உட்காருவார்கள். முழுக்கைச் சட்டை, கால்சட்டை, கொசு விரட்டும் களிம்பு. முடிந்தால் அவனை வீட்டில் வலைக்குள் படுக்க வைத்து ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

விசுவாசம் பற்றிப் பேசுகிறவருக்கு ஒன்று சொல்லுங்கள். ஆப்பிரிக்காவுக்குப் போன மிஷனெரி டாக்டர் டேவிட் லிவிங்ஸ்டன் ஜெபிக்கத் தெரியாதவர் அல்ல. அவர் தம் ஆட்களுக்குக் குவினைன் கலந்த மாத்திரையைத் தாமே உருட்டிக் கொடுத்தார். அப்படியும் அவர் மனைவி மேரி 1862-இல் சாம்பெசி நதிக்கரையில் காய்ச்சலில் இறந்துபோனார். உங்கள் பிள்ளைகள் போகும் அதே ஏரியின் தென்கரையில், கேப் மெக்ளியரில், 1875-இல் லிவிங்ஸ்டோனியா மிஷன் தொடங்கியது. காய்ச்சலில் ஆள் மேல் ஆள் போனதால் அங்கிருந்து அதே ஏரிக்கரையில் உள்ள பண்டாவேக்கு நகர்ந்தார்கள். அங்கும் முடியாமல் 1894-இல் மலைமேல் ஏறினார்கள். கேப் மெக்ளியரில் அந்தக் கல்லறைகள் இன்றும் இருக்கின்றன. கொசுதான் காரணம் என்று ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தது 1897-இல். அவர்களுக்குத் தெரியாமல் போனது நமக்குத் தெரியும். தெரிந்தும் விடுவதை விசுவாசம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சரி, அந்த அட்டை விஷயம். ஏஜென்ட் சொல்வது போலி அட்டை. வாங்காதீர்கள். இதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதை வைத்துத்தான் இவர்கள் பிழைக்கிறார்கள், மெதுவாகப் படியுங்கள். மலாவி மஞ்சள் காய்ச்சல் பரவும் நாடு அல்ல. இந்தியாவிலிருந்து நேராகப் போய் இறங்கினால் அட்டை கேட்க மாட்டார்கள். ஆனால் பெரும்பாலும் அடிஸ் அபாபாவிலோ நைரோபியிலோ விமானம் மாற வேண்டும். எத்தியோப்பியா, கென்யா இரண்டும் மஞ்சள் காய்ச்சல் பரவும் நாடுகள். அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் நின்றால் மலாவியில் அட்டை கேட்பார்கள். திரும்பி வரும்போது, விமான நிலையத்தை விட்டு வெளியே வரவில்லை என்று சுகாதார அதிகாரி ஏற்றுக்கொண்டால் இந்தியா விட்டுவிடும். ஏற்கவில்லை என்றால்? விமானம் தாமதமாகி, ஓட்டலில் ஓர் இரவு தங்கவைத்துவிட்டால்? அட்டை இல்லாதவர்களை, மூன்று வயதுப் பிள்ளையானாலும், ஆறு நாள் வரை தனிமையில் வைப்பார்கள். ஊழியம் என்றால் கென்யாவிலோ உகாண்டாவிலோ ஒரு கூட்டம் எப்படியும் வரும். அதனால் மூன்று பேரும் ஊசியே போட்டுக்கொள்ளட்டும். ஒரு ஊசி, வாழ்நாளுக்கும் செல்லும். போட்டு பத்து நாள் ஆன பிறகுதான் அட்டை செல்லுபடியாகும், எனவே கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். மகள் கர்ப்பமாக இருந்தால் ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

ஊசி எல்லா ஊரிலும் கிடையாது, அரசு அனுமதித்த சில மையங்களில் மட்டும்தான். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அதில் ஒன்று. உங்களுக்குப் பக்கத்தில் மையம் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். இல்லாத ஊர்க்காரர்கள் முன்பதிவு செய்து, ராத்திரி பஸ் ஏறிப் போய், நாள் தவறினால் திரும்பி வந்து மறுபடி போக வேண்டும். இத்தனை மிஷனெரிகளை அனுப்பும் மாநிலத்தில் இன்னும் இந்த நிலைமை. ஏஜென்டுகளுக்கு வாசலைத் திறந்து வைப்பதே இதுதான். அனுப்பும் சங்கங்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. வழியனுப்பு ஆராதனைக்குப் பந்தலும் மாலையும் பிரியாணியும் இருக்கும். பட்ஜெட்டில் கொசுவலைக்கு ஒரு வரி இருக்காது. போவதற்கு முன் மருமகன் சங்கத்திடம் இரண்டு கேள்வி கேட்கட்டும். கிராமத்திலிருந்து மருத்துவமனை எத்தனை மணி நேரம்? நடு ராத்திரியில் வண்டிக்கு யார் பணம் கொடுப்பார்? பதில் எழுத்தில் வேண்டும். "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சங்கச் செயலாளர் எழுதக் கூடாது.

பேரனுக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே விரல் குத்தி டெஸ்ட். சளி, பல் முளைப்பு, பயண அலுப்பு என்று எதையும் ஊகிக்க வேண்டாம். டெஸ்டில் ஒன்றுமில்லை என்று வந்தும் காய்ச்சல் விடவில்லை என்றால் மறுநாள் மறுபடி எடுக்க வேண்டும். மலேரியா என்றால் அங்கே 'எல்ஏ' என்று சொல்லும் மாத்திரையைத் தருவார்கள். மூன்று நாளில் ஆறு வேளை, பாலோடு அல்லது எண்ணெய் சேர்ந்த சாப்பாட்டோடு. இரண்டாம் நாளே பிள்ளை எழுந்து விளையாடும். அப்போது நிறுத்திவிடுகிறார்கள், அது கூடாது. வாந்தி நிற்கவில்லை, எழுப்பினால் எழவில்லை, வலிப்பு வந்தது என்றால் மாத்திரையை நம்பி வீட்டில் இருக்கக் கூடாது. ஊசி மருந்து வேண்டும், ராத்திரியானாலும் கிளம்ப வேண்டும்.

ஏரியில் பேரனைக் குளிப்பாட்ட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். கரையோரத் தண்ணீரில் உள்ள நத்தையால் பில்ஹார்சியா என்ற வேறொரு நோய் வருகிறது.

அப்புறம், விடுமுறைக்கு ஊருக்கு வந்திருக்கும்போது அவர்களில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், வந்து சில மாதம் ஆகியிருந்தாலும், டாக்டரிடம் முதல் வார்த்தையாக "மலாவியிலிருந்து வந்திருக்கிறோம்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் நம் ஊரில் டெங்குவும் டைஃபாய்டும் பார்த்துக்கொண்டு இரண்டு நாள் போய்விடும்.