கடிகாரம் சொல்வதா, டாக்டர் சொல்வதா?

கேள்வி: எனக்கு வயது 66. ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். பிரஷருக்கு மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறேன். மகள் வாங்கிக் கொடுத்த ஆப்பிள் வாட்ச், விடியற்காலை மூன்று மணிக்கு நாடி 48 என்கிறது. மகாமகக் குளத்தைச் சுற்றி வேகமாக நடந்தாலும் 100-ஐத் தாண்டுவதில்லை. இரண்டு மாதத்தில் இருமுறை, துடிப்பு ஒழுங்காக இல்லை என்றும் எச்சரித்துவிட்டது. பயந்துபோய் ஈசிஜி எடுத்தேன். "நார்மல்தான், அந்த வாட்சைக் கழற்றி வையுங்கள்" என்று டாக்டர் சிரிக்கிறார். கழற்றவா, வேண்டாமா?
— வாசகர், கும்பகோணம்

பதில்: கழற்ற வேண்டாம் சார். ஆனால் மூன்று மணிக்கு எழுந்து அதைப் பார்ப்பதை நிறுத்துங்கள்.

முதலில் அந்த 48. தூக்கத்தில் நாடி இறங்குவது இயல்பு. நீங்கள் சாப்பிடும் மாத்திரையும் துடிப்பைக் குறைக்கிற ரகம்தான். தலைசுற்றல், மயக்கம் இல்லையென்றால் பயம் வேண்டாம். நீங்களாக மாத்திரையை நிறுத்தியும் விடாதீர்கள். நடக்கும்போதும் இதே கதைதான். 220-இல் வயதைக் கழித்து, நாடி அதிகபட்சம் 154 வரை ஏறலாம் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள், வாத்தியார் ஆயிற்றே! அந்தக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. நடக்கும்போது பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் வேகம் போதும்.

எனக்கு உறுத்துவது அந்த இரண்டு எச்சரிக்கைகள்தான். ஒரு நாளுக்கு 86,400 விநாடி. ஈசிஜி பார்ப்பது அதில் ஏறத்தாழ பத்து விநாடி. வந்து வந்து போகிற கோளாறு அந்தப் பத்து விநாடிக்குள் தலைகாட்ட வேண்டும் என்று என்ன கட்டாயம்? டாக்டர் சொன்னதும் சரி, வாட்ச் சொன்னதும் சரியாக இருக்கலாம்.

அது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனா என்று பார்க்க வேண்டும். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கும். நாடியைத் தொட்டுப் பார்த்தால், தாளம் தெரியாதவன் தவில் அடிப்பது போலிருக்கும். தேங்கிய இரத்தம் கட்டியாகி மூளைக்குப் போனால் பக்கவாதம். அந்த ஆபத்து சுமார் ஐந்து மடங்கு கூடுகிறது. உறுதியானால், உங்கள் வயதுக்கும் பிரஷருக்கும் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தேவைப்படும் வாய்ப்பு அதிகம்.

வாட்ச் சொன்னதாலேயே அது வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் இதே வாட்சை வைத்து 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் செய்த ஆய்வு 2019-இல் வெளியானது. எச்சரிக்கை வந்தது சுமார் 0.5 சதவீதம் பேருக்கு. பிறகு மார்பில் பட்டை ஒட்டிக் கண்காணித்தபோது, அவர்களில் மூன்றில் ஒருவரிடம்தான் கோளாறு சிக்கியது.

எனவே அடுத்த முறை எச்சரிக்கை வந்தால், உட்கார்ந்து, கையை மேசைமேல் வைத்து, வாரை ஒரு துளை இறுக்குங்கள். உங்கள் வாட்சில் ஈசிஜி வசதி இருந்தால், மறுகை விரலைப் பக்கவாட்டுத் திருகில் 30 விநாடி பேசாமல் வைத்திருங்கள். பதிவு ஃபோனில் இருக்கும், அச்செடுத்து ஓர் இதய மருத்துவரிடம் காட்டி, "ஹோல்டர் வைக்கலாமா?" என்று கேளுங்கள். 24 மணி நேரமோ அதற்கு மேலோ துடிப்பைப் பதிவு செய்கிற சின்னப் பெட்டி அது.

இன்னொன்று. என்னிடம் வருகிற மளிகைக் கடைக்காரர் ஒருவருக்கு இரவில் நெஞ்சை அழுத்தியிருக்கிறது. வாட்சில் ஈசிஜி எடுத்தார். 'சைனஸ் ரிதம்', அதாவது துடிப்பு ஒழுங்காக இருக்கிறது என்று வந்தது. கேஸ் என்று நினைத்து சோடா குடித்துவிட்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தார். வந்திருந்தது மாரடைப்பு! ஆள் பிழைத்தது அதிர்ஷ்டம். மாரடைப்பைக் கண்டுபிடிக்க இந்த வாட்சால் முடியாது. தயாரித்த கம்பெனியே அப்படித்தான் சொல்கிறது. நெஞ்சழுத்தமும் வியர்வையும் வந்தால் மணிக்கட்டைப் பார்க்காதீர்கள் சார், 108-ஐக் கூப்பிடுங்கள்.