மாட்டின் மூச்சை எண்ணுகிற பெண்ணும் பெரியப்பாவின் டாக்டர் சீட்டும்

அம்மா, மகளை அடுத்து என்ன படிக்க வைக்கலாம் என்று ஆலோசனை கேட்க அன்றைக்கு நாலு பேராக என்னிடம் வந்து உட்கார்ந்தீர்கள். நீங்கள், உங்கள் கணவர், மகள், அப்புறம் மகளின் பெரியப்பா. முக்கால் மணி நேரத்தில் அரை மணி நேரம் பெரியப்பாதான் பேசினார். மகள் வாயைத் திறந்தது ஐந்தே தடவை. அதில் மூன்று தடவை 'சரி' என்றாள். நீங்கள் எழுந்திருக்கும்போது கண் கலங்கியதால், "கவலைப்படாதீங்க, ஏதாவது வழி இருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வெறும் சமாதானம் சொல்லி அனுப்பியது எனக்கே பிடிக்கவில்லை. அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

மருத்துவ நுழைவுத் தேர்வில் இரண்டாம் முறையும் மதிப்பெண் எட்டவில்லை. 'கடனை வாங்கியாவது ஒரு சீட் போட்டுடலாம், படிச்சு முடிச்சா தானா அடைஞ்சுடும்' என்பது பெரியப்பாவின் கணக்கு. வேண்டாம் என்பது என் பதில். வட்டி, அவள் முதல் சம்பளம் வாங்கும்வரை காத்திருக்காது. முதல் பட்டத்தோடு அந்தப் படிப்பு முடிவதும் இல்லை. சிறப்பு மருத்துவம் என்று இன்னொரு நுழைவுத் தேர்வு, இன்னொரு செலவு வரும். விருப்பத்தோடு படிக்கிற பிள்ளைக்கே அது மூச்சு முட்டுகிற ஓட்டம். உங்கள் மகள் விருப்பம் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. கடன் பத்திரத்தில் நீங்களும் கையெழுத்துப் போடுவீர்களா என்று பெரியப்பாவிடம் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

இப்போது அவள் நாலாவதாகச் சொன்னதற்கு வருகிறேன். "நிழல்ல கொண்டுபோய்க் கட்டின அப்புறமும் பத்து நிமிஷம் மூச்சு குறையல சார்" என்றாள். பக்கத்து வீட்டுப் பசுவைப் பற்றி. பையிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்துக் காட்டினாள். நீங்கள் அப்போது ஃபோன் பேச வெளியே போயிருந்தீர்கள். நேரம், வெயிலா நிழலா, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, ஒரு கவளத்துக்கு எத்தனை அசை என்று நாலு பத்தி. விலா ஏறி இறங்குவதைப் பார்த்து எண்ணியிருக்கிறாள். ஒரு மதியத்தில் 72 என்று இருந்தது. சாதாரணமாகப் பசு நிமிடத்துக்கு 26 முதல் 50 முறை மூச்சு விடும். 60-ஐத் தாண்டினால் வெப்பம் உடம்பைத் தாக்க ஆரம்பித்துவிட்டது என்று பொருள். இது எந்தப் பாடப் புத்தகத்திலும் அவள் படித்ததல்ல. எண்ணி, தானே சந்தேகப்பட்டிருக்கிறாள். எனக்கு அதைவிடப் பிடித்தது, ஒரு வரியை அடித்துவிட்டு ஓரத்தில் எழுதியிருந்த குறிப்பு: 'எண்ணிக்கை தவறிவிட்டது, இதைச் சேர்க்கக் கூடாது.' விட்டுப்போன எண்ணை யூகித்து நிரப்பாமல் இருக்க, முனைவர் பட்ட மாணவர்களுக்கே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பொறியியல், கணினி, நர்சிங், மருந்தியல் பற்றியெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அதைச் சொல்ல உங்கள் உறவிலேயே பத்துப் பேர் இருப்பார்கள். யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: சோதனை முறையில் விலங்கின் உடலியங்கியலையும் கால்நடை நோய்களையும் ஆராய்கிற வேலை.

உடனே 'மாட்டு டாக்டரா?' என்று பெரியப்பா கேட்பார். சிகிச்சை பார்ப்பது ஒரு தொழில், ஏன் நோய் வந்தது என்று சோதித்துக் கண்டுபிடிப்பது இன்னொரு தொழில். தியோபால்ட் ஸ்மித் என்ற அமெரிக்கர் மனித மருத்துவத்தில் பட்டம் வாங்கியவர். வேலை பார்த்தது மாடுகளோடு. அங்கே தென்பகுதி மாடுகளை வடக்கே ஓட்டிப் போனால், ஓட்டிப்போன மாடுகளுக்கு ஒன்றும் ஆகாது, வடக்கத்தி மாடுகள் மட்டும் காய்ச்சல் வந்து, சிறுநீர் சிவந்து சாகும். மாடு வளர்த்தவர்கள் 'உண்ணிதான் காரணம்' என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். படித்தவர்கள் பலர் சிரித்தார்கள். ஸ்மித்தும் கால்நடை மருத்துவர் கில்போர்னும் சிரிக்காமல் வேலி போட்டார்கள். ஒரு வேலிக்குள் உண்ணியோடு தென்பகுதி மாடுகள், கூடவே வடக்கத்தி மாடுகள். இன்னொன்றில் அதே தென்பகுதி மாடுகள்தான், ஆனால் உண்ணிகளை ஒவ்வொன்றாகக் கையால் பிடுங்கியெடுத்த பிறகு. மூன்றாவதில் தென்பகுதி மாடே கிடையாது, புல்லில் உண்ணிகளை மட்டும் தூவிவிட்டார்கள். முதலாவதிலும் மூன்றாவதிலும் நோய் வந்தது. உண்ணி பிடுங்கிய வேலியில் வரவில்லை. சில கோடைகள் இதையே திரும்பச் செய்து பார்த்துவிட்டு 1893-இல் வெளியிட்டார்கள். பூச்சியோ உண்ணியோ நோயைக் கடத்தும் என்று உலகத்தை நம்ப வைத்த வேலைகளில் அது ஒன்று. மலேரியாவில் கொசுவின் பங்கு நிரூபணமானது அதற்குப் பிறகுதான்.

வெக்கை நோய் என்று நம் பெரியவர்கள் பயந்த மாட்டுக் கொள்ளைநோய் இன்று உலகில் எங்கும் இல்லை. 2011-இல் ஒழிந்ததாக அறிவித்தார்கள். பெரியம்மைக்கு அடுத்து மனிதன் அடியோடு ஒழித்த இரண்டாவது நோய் அது. வால்டர் பிளவ்ரைட் என்ற கால்நடை விஞ்ஞானி கன்றின் சிறுநீரக செல்களில் அந்த வைரஸைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து வலுவிழக்கச் செய்து தடுப்பூசி ஆக்கியது அதில் பெரும் பங்கு. பெரியப்பாவிடம் இதை மட்டுமாவது சொல்லுங்கள்.

சரி, தினசரி வேலை எப்படி இருக்கும்? ஒரு காட்சி சொல்கிறேன். சில ஆய்வு நிலையங்களில் பசுவின் இடது பள்ளையில், அதாவது விலாவுக்குப் பின்னால், அறுவை செய்து பெருவயிற்றுக்கு ஒரு ரப்பர் மூடி பொருத்தியிருப்பார்கள். புண் ஆறியபின் அந்தப் பசு மற்றப் பசுக்களைப் போலவே தின்னும், அசைபோடும், படுக்கும். ஆராய்ச்சி மாணவி தோள்வரை உறை மாட்டிக்கொண்டு மூடியைத் திறந்து கையை உள்ளே விடுவாள். உள்ளே ஏறத்தாழ 39 டிகிரி, புளித்த வாசனை. தீவனத்தை எடைபோட்டுச் சின்னச் சின்ன நைலான் பைகளில் கட்டி உள்ளே போட்டு, 6 மணி, 12 மணி, 24 மணி, 48 மணி என்று ஒவ்வொன்றாக எடுப்பாள். கழுவி, உலர்த்தி, மறுபடி எடைபோட்டால் எந்தத் தீவனம் எவ்வளவு செரித்தது என்று தெரியும். 48 மணி நேரப் பை நடுராத்திரியில்தான் வெளியே வரும் என்றால் நடுராத்திரியில்தான் போக வேண்டும். இதைக் கேட்டு முகம் சுளிக்கிற பிள்ளைகள் நிறைய உண்டு. உங்கள் மகளிடம் அன்றைக்கே சொன்னேன். 'பையில எத்தனை கிராம் போடுவாங்க?' என்று கேட்டாள்.

இதில் இன்னொரு பக்கம் உண்டு, பெரும்பாலோர் கவனிப்பதில்லை. அளக்கிறவர் மனிதர். அவர் கண்ணும் ஒரு கருவிதான், அதுவும் பிசகும். மாடு எவ்வளவு நொண்டுகிறது என்பதற்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் போடும் முறை உண்டு. ஒரே மாட்டை இரண்டு பேர் பார்த்தால் இரண்டு எண் வரும். மருந்து கொடுத்த மாடு இதுதான் என்று முன்பே தெரிந்தவருக்கு அது நன்றாக நடப்பது போலவே தெரியும். அதனால்தான் மதிப்பிடுகிறவரிடம் எது எந்த மாடு என்று சொல்லாமல் மறைப்பார்கள். தினமும் பார்க்கிற பண்ணைக்காரர்கள், தங்கள் மந்தையில் நொண்டும் மாடுகளைக் குறைத்தே எண்ணுகிறார்கள் என்று ஆய்வுகளில் பலமுறை தெரியவந்திருக்கிறது. பழகிய கண்ணுக்கு அது நொண்டலாகவே தெரிவதில்லை.

பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் 1907-இல் ஒரு கண்காட்சிப் போட்டியின் சீட்டுகளை வாங்கி ஆராய்ந்தார். காளையை வெட்டிச் சுத்தம் செய்த பின் எவ்வளவு எடை வரும் என்று ஊகிக்க வேண்டும். படிக்க முடிந்த சீட்டுகள் 787. வரிசைப்படுத்தி நடுவில் இருந்த ஊகத்தைப் பார்த்தால் 1207 பவுண்டு. உண்மை எடை 1198. தனித்தனியாக ஒவ்வொருவரும் கண்டபடி தப்பு செய்ய, கூட்டமாக ஏறக்குறைய சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். மாடு, மனிதக் கண், புள்ளியியல் மூன்றும் ஒரே மேசையில் சந்திக்கிற இடம் இது. இதே திறமைக்குப் பால்பொருள் நிறுவனங்களின் சுவை ஆய்வகங்களிலும் வேலை இருக்கிறது. மூன்று கோப்பை வைப்பார்கள், இரண்டில் ஒரே பால், ஒன்றில் வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும். சும்மா அடித்துவிட்டாலே மூன்றில் ஒரு பங்கு பேர் சரியாகச் சொல்லிவிடுவார்கள். அதைவிட எத்தனை பேர் கூடுதலாகச் சொன்னால் வித்தியாசம் நிஜம் என்று முடிவு செய்கிறவருக்குத்தான் சம்பளம்.

இதற்குள் போக வழி ஒன்றல்ல. கால்நடை மருத்துவப் பட்டம் முடித்து உடலியங்கியல், நுண்ணுயிரியல், நோய்ப்பரவலியல் என்று முதுகலை போகலாம். சிகிச்சை செய்யும் உரிமமும் கையில் இருக்கும் என்பதால் நான் முதலில் சொல்வது அதைத்தான். அது கிடைக்காவிட்டால் விலங்கியல் அல்லது உயிர்வேதியியல். மனிதப் புலனறிவில் ஆர்வம் கூடினால் சோதனை உளவியல். எதில் சேர்ந்தாலும் புள்ளியியலை ஓரங்கட்டக் கூடாது. அதில் நான் கறாராக இருப்பேன்.

இனி கசப்பானது. முனைவர் பட்டம் வரை போனால் முப்பது வயதைத் தொட்டுவிடுவாள். நிரந்தர ஆராய்ச்சிப் பணியிடங்கள் குறைவு, நடுவில் ஒப்பந்த வேலைகளில் அலைய நேரும். ஆகவே ஒரே ஒரு நிபந்தனை, அதில் தளர வேண்டாம்: உதவித்தொகை இல்லாமல் முனைவர் பட்டத்தில் சேரக் கூடாது. கைக்காசு போட்டுச் செய்யச் சொல்கிற வழிகாட்டி எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் வேண்டாம். முதுகலையோடு நிறுத்திக்கொண்டு தடுப்பூசித் தரச் சோதனை, நோயறி ஆய்வகம், மருந்துப் பாதுகாப்புச் சோதனை, மாட்டின் கழுத்தில் உணர்கருவி மாட்டி அசையை எண்ணும் நிறுவனங்கள் என்று போகிறவர்களும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். கடைசியில் சொன்ன வேலையை உங்கள் மகள் கோடு போட்ட நோட்டில் இலவசமாகச் செய்துகொண்டிருக்கிறாள்.

இன்னொன்றை அவளிடம் நீங்களே சொல்லுங்கள், நான் சொன்னால் பாடமாகிவிடும். இந்த வேலையில் விலங்குகள் சாகும். நோய்ச் சோதனைகள் பலவற்றின் முடிவில் கருணைக்கொலை செய்து, உடலைத் திறந்து பார்ப்பார்கள். ரஸ்ஸல், பர்ச் என்ற இரண்டு ஆங்கிலேய விஞ்ஞானிகள் 1959-இல் வகுத்த மூன்று நெறிகள் இன்றும் அடிப்படை: முடிந்தால் விலங்குக்குப் பதில் வேறு வழி, முடியாவிட்டால் குறைந்த எண்ணிக்கை, எப்படியானாலும் குறைந்த வேதனை. நெறிமுறைக் குழு அனுமதிக்காமல் ஊசிகூடப் போட முடியாது. ஆனாலும் அந்த நாள் வரும். கோமாரி வைரஸ் ஆய்வகத்தில் வேலை செய்தால், குளித்து உடை மாற்றி வெளியே வந்த பிறகும் சில நாட்கள் ஆடு மாடு பக்கம் போகக் கூடாது. பக்கத்து வீட்டுப் பசுவைப் போய்த் தடவ முடியாது. இதெல்லாம் தெரிந்தும் அவள் சரி என்றால், அந்தச் 'சரி'யை நான் நம்புவேன்.

பதினைந்து நாள் கழித்து வாருங்கள். அதுவரை எந்தக் கல்லூரிக்கும் முன்பணம் கட்ட வேண்டாம். அவளுக்கு ஒரு வேலை தருகிறேன்: அதே பசுவின் மூச்சை அவளும் உங்கள் கணவரும் ஒரே நேரத்தில், தனித்தனித் தாளில், ஒருவர் எண்ணிக்கையை மற்றவர் பார்க்காமல் எண்ணட்டும். காலை ஒரு முறை, வெயில் ஏறிய பிறகு ஒரு முறை. இரண்டு தாளையும் கொண்டுவாருங்கள். பெரியப்பாவுக்கு வர விருப்பம் என்றால் அவரும் ஒரு தாளோடு வரட்டும்.