லைசோசைமும் தாய்ப்பாலும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மகள் பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் படிக்கிறாள். பசுவின் வயிற்றிலும் ஒரு குரங்கின் வயிற்றிலும் ஒரே மாதிரி லைசோசைம் சுரப்பதாகப் படித்தேன். தற்செயலாக இப்படி அமையுமா? கீழ்நிலை விலங்குகளின் நொதிகள் மனிதனிடம்தான் முழுமை பெறுகின்றன என்று அவளுக்குச் சொன்னேன். சரிதானே? நல்ல புத்தகங்களும் சொல்லுங்கள்.

ச.

அன்புள்ள ச.,

புத்தகப் பட்டியல் எதற்கு? அவளை நூலகத்தில் விட்டுவிட்டு வாருங்கள். இந்த லைசோசைம் சில நாட்களாக என் மனதிலும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

மாற்றம் தற்செயல், எது நிலைக்கிறது என்பது தற்செயல் அல்ல. நம் கண்ணீரிலும் சளியிலும் இருந்து பாக்டீரியாவின் சுவரை உடைக்கும் நொதி இது. 1922இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் அறிவித்தார். பசுவின் முன்வயிற்றில் புல்லைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாக்களையே பசு பிறகு செரித்துக்கொள்கிறது. அமிலத்தைத் தாங்கும் லைசோசைம் அதற்குத் தேவை. இலை தின்னும் அனுமன் மந்தியும் தன் போக்கில் அதே மாற்றங்கள் சிலவற்றுக்கு வந்து சேர்ந்ததை 1987இல் கண்டார்கள். அமேசான் காட்டு ஹோட்சின் பறவையும் அப்படித்தான், அதுவும் இதே நொதிக் குடும்பத்தின் வேறொரு கிளையிலிருந்து.

ஆனால் 'கீழ்நிலை' என்றீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. படித்த மனிதர் பிள்ளைக்கு இப்படியா சொல்லிக்கொடுப்பது? பரிணாமத்தில் ஏணியே கிடையாது. வழக்கமான லைசோசைமுக்குப் பசுவிடம் சுமார் பத்து மரபணுக்கள் இருக்கின்றன, நம்மிடம் ஒன்று. யார் முழுமை? சிப்பிகளிடம் லைசோசைமின் இன்னொரு வகை இருக்கிறது. அதற்கு அதன் வேலை.

பாலைப் பாருங்கள். பழைய லைசோசைம் மரபணு ஒன்று எப்போதோ இரட்டித்தது. ஒரு பிரதி கிருமியைக் கொல்லும் வேலையை விட்டுவிட்டு ஆல்ஃபா லாக்டல்புமின் என்ற பால் புரதத்துக்கானது ஆனது. வேறொரு நொதியோடு சேர்ந்தால்தான் அது பால் சர்க்கரையை உண்டாக்கும். அந்தச் சர்க்கரைதான் பாலுக்குள் தண்ணீரை இழுக்கிறது. இந்த மரபணுவை நீக்கிய எலிகளின் பால் கெட்டியாகிவிட்டது, குட்டிகளால் உறிஞ்சவே முடியவில்லை. அதைப் படித்தபோது, முதல் பிரசவத்தில் பால் கட்டிக்கொண்டு அக்கா அழுத அழுகை நினைவுக்கு வந்தது. காரணம் வேறுதான், ஆனாலும் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கோழி முட்டையின் வெள்ளைக்கருவில் இருக்கும் நொதியும் அக்காவின் பாலில் இருந்த புரதமும் ஒரே வம்சம். இதில் யாரை மேலே வைப்பீர்கள், யாரைக் கீழே?

சரி, இன்று மாலையே மகளிடம் சொன்னது தப்பு என்று சொல்லிவிடுங்கள். பரீட்சையில் அப்படியே எழுதிவைக்கப் போகிறாள்.